இரண்டு வருஷப் படிப்பும் குடியானவர் பிள்ளைகளும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியதிலிருந்து, குடியானவர் பலர் தம் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பயிற்சிக்கே அனுப்புகின்றனர். இரண்டு வருஷத்தில் முடியும் நல்ல படிப்பே அது; ஆயினும் ஆலையில் வேலை குறைந்தால் பிழைப்பும் குறையும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டயப் படிப்புகளும் இரண்டு வருஷமே. உதவி வேளாண்மை அலுவலர் பதவிக்கு வேளாண்மைப் பட்டயமே தகுதி; உரம், பூச்சிமருந்து விற்பனை உரிமத்துக்கும் அது உதவும். சர்க்கார் உத்தியோகம் எல்லாருக்கும் கிட்டாது என்பது மெய்யே. கிட்டாதவன் ஓசூர் வட்டாரத்து ரோஜாப் பசுமைக்குடில்களில் வேலை தேடலாம்; சொந்த நிலத்திலும் கற்றதைப் பயன்படுத்தலாம். நிலத்தை விற்றுப் படிக்கவைக்குமுன், அந்நிலத்துக்கே உதவும் படிப்பைப் பெற்றோர் விசாரித்தறிவது நலம்.