எப்படி வலிக்குதுன்னு யாராவது கேட்டாங்களா?

மாதவிடாய் பற்றி நம் வீடுகளில் விதிகளுக்குக் குறைச்சலே இல்லை. எங்கே உட்காரணும், எதைத் தொடக்கூடாது, எத்தனை நாள் சாமி ரூம் பக்கம் போகக்கூடாது, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. "எப்படி வலிக்குது?" என்ற கேள்வி மட்டும் வராது. கேட்டாலும் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே, பொறுத்துக்கோ" என்று முடிந்துவிடும்.

நான் இருக்கும் சிங்கப்பூரில் சீன வைத்தியரிடம் போகும் பெண்ணிடம் பேச்சே அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. இங்கே அவர்கள் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றுத் தொழில் செய்பவர்கள். நாக்கைப் பார்ப்பார், இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடிப்பார், பிறகு வரிசையாகக் கேட்பார். வலி முன்னாடியே வருதா, முடிஞ்ச பிறகா? குத்துதா, மந்தமா இழுக்குதா? ரத்தம் கட்டி கட்டியா போகுதா? வெந்நீர்ப் பை வைத்தால் குறையுதா?

அவர்கள் கணக்குப்படி உடம்புக்குள் 'சி' என்கிற உயிர்ச்சக்தியும் ரத்தமும் தடையில்லாமல் ஓடணும். ஓட்டம் எங்கே தடைபடுதோ அங்கே வலி. குத்தும் வலியும் இருண்ட கட்டிகளும் இருந்தால் ரத்தத் தேக்கம். சூடு பட்டுக் குறைந்தால் கருப்பையில் குளிர் புகுந்திருக்கு. மாதவிடாய் முடிந்த பிறகு மந்தமாக வலித்து, அமுக்கினால் இதமாக இருந்தால் பலவீனம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. டாங் குவெய் வேர் சேர்ந்த நாலு மூலிகைக் கஷாயம் சோங் அரச காலத்திலிருந்தே பெண்களுக்குக் கொடுக்கப்படுகிறது. கணுக்காலின் உள்பக்கம் நாலு விரல் மேலே ஊசி குத்துவதும், மாசிபத்திரி இனத்துச் செடியைக் கொளுத்திச் சூடு காட்டுவதும் உண்டு. சீனத் தோழிகள் குடிக்கும் இஞ்சி, சிவப்புச் சர்க்கரைத் தண்ணீரைப் பார்த்தால் நம்ம சுக்கு, கருப்பட்டி ஞாபகம் வராமல் இருக்காது.

சரி, இது வேலை செய்யுமா? சீன மூலிகைகள் பற்றிய 39 ஆய்வுகளை, மொத்தம் 3,475 பெண்கள், காக்ரேன் அமைப்பு 2008-இல் அலசியது. நம்பிக்கை தருகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்றது. ஊசி சிகிச்சை பற்றி 2016-இல் பார்த்தபோதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நவீன மருத்துவம் சொல்லும் காரணம் புராஸ்டாகிளாண்டின். கருப்பையை இறுக்கிச் சுருக்கும் பொருள் அது. இபுபுரோஃபன், மெஃபனமிக் ஆசிட் மாத்திரைகள் அது உருவாவதைத்தான் குறைக்கின்றன.

எனக்குப் பயம் வேறு இடத்தில். 'ரத்தத் தேக்கம்' என்று பெயர் வைத்துக் கஷாயம் குடித்தபடியே வருஷங்கள் ஓடிவிடலாம். உள்ளே எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் நாடி அதைக் காட்டாது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு, அதாவது பிள்ளை பெறும் வயதினரில் பத்தில் ஒருவருக்கு, அந்த நோய் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாங் குவெய் சேர்த்தால் ரத்தப்போக்கு கூடும் ஆபத்தும் உண்டு. 'மூலிகைதானே, என்ன பண்ணிடும்' என்பது சரியான பேச்சு இல்லை.

அப்படியானால் சீன வைத்தியத்தை ஒதுக்கிவிடலாமா? வேண்டாம் என்பேன். அதன் விளக்கத்தை நான் ஏற்கவில்லை, கேள்விகளை ஏற்கிறேன். சாப்ட்வேர் வேலையில் "ஓடலை" என்று ஒரே வரியில் பக் ரிப்போர்ட் வந்தால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. எப்போ, எங்கே, என்ன செய்தபோது என்று வந்தால்தான் வேலை நடக்கும். நம்ம பெண்கள் டாக்டரிடம் போய் "வயிறு வலிக்குது" என்று ஒரே வரியோடு நிற்கிறார்கள். வலியை விவரிக்க யாரும் பழக்கவே இல்லை. டாக்டரும் ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்.

மூணு மாசம் எழுதி வையுங்க. எந்த நாளில் வலி, எந்த மாதிரி, கட்டி போகுதா, எத்தனை மாத்திரை, எத்தனை நாள் ஸ்கூலோ வேலையோ போச்சு. அந்தத் தாளோடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்க. மாத்திரைக்கும் அடங்காத வலி, மாசத்துக்கு மாசம் கூடும் வலி என்றால் ஸ்கேன் வேணுமா என்று நீங்களே கேளுங்க. இஞ்சித் தண்ணி கூடவே இருக்கட்டும், தப்பில்லை.

வெளிநாட்டில் வளரும் நம்ம பொண்ணுங்க பலருக்கு இதைத் தமிழில் சொல்ல வார்த்தையே தெரியாது. அதனால் அம்மா, அப்பா இரண்டு பேரும்தான் முதலில் கேட்கணும். அடுத்த முறை அவள் சுருண்டு படுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மா வலிக்குது, எப்படி வலிக்குது?" என்று கேளுங்க.