தொட்டி கேள்வி கேட்காது

சென்னையில் ஒரு வீட்டில் மராமத்து வேலை நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. தெருமுனைக் குப்பைத் தொட்டியைப் பார்த்தால் போதும். மேலாக வாழையிலையும் காய்கறித் தோலும் கிடக்கும். கொஞ்சம் கிளறினால் உடைந்த பாத்ரூம் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங்கின் வெள்ளைத் துண்டுகள், பாதி காய்ந்த பெயிண்ட் டப்பா, விளிம்பு உடைந்த வாஷ்பேசின். எல்லாம் சிமெண்ட் சாக்கில் கட்டி, இருட்டிய பிறகு நாம் கொண்டு வந்து போட்டவை. மொத்தமாகப் போட்டால் யாராவது கேட்பார்கள் என்று நாளுக்கு இரண்டு சாக்காகப் பிரித்துப் போடும் அளவுக்கு நமக்கு விவரம் உண்டு. தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல நமக்கு வாயில்லை.

சட்டமும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் கடமையை வீட்டுக்காரர் மேல்தான் வைத்தன. அதே ஆண்டில் கட்டட இடிபாட்டுக்கென்றே தனி விதிகளும் வந்தன. இடித்ததைச் சொந்த இடத்துக்குள் வைத்திரு, அல்லது உள்ளாட்சி ஒதுக்கிய இடத்தில் சேர். தெருவிலோ வடிகாலிலோ கொட்டாதே என்பது அவற்றின் சாரம். நாம் என்ன செய்தோம்? பச்சை, நீலம் என்று இரண்டு டப்பா வாங்கி வைத்தோம். மூன்றாவது வகை ஒன்று இருப்பதையே மறந்தோம். இடிபாட்டை மேஸ்திரி தலையில் கட்டினோம். அவர் சித்தாளிடம் சொன்னார். சித்தாள் தொட்டியிடம் சொன்னார்.

தொட்டி எதையும் வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் அது எல்லாவற்றுக்காகவும் செய்யப்பட்டதல்ல. தெருவில் நிற்கும் சக்கரம் வைத்த பெரிய தொட்டி 1,100 லிட்டர் கொள்ளளவு உள்ளது. வீட்டுக் குப்பை நிறைய இருந்தாலும் அதைத் தூக்கிக் கவிழ்க்கக் காம்பாக்டர் வண்டியால் முடியும். அதே தொட்டியைச் செங்கல்லும் காரையுமாக நிரப்பினால் எடை ஒரு டன்னைத் தாண்டிவிடும். சக்கரம் நெளிகிறது, தூக்குகிற கொக்கி திணறுகிறது. உள்ளே குப்பையை நசுக்கும் தகட்டில் கல் சிக்கினால் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது. அன்றைக்கு நம் தெருவில் குப்பை எடுக்கவில்லை என்று மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் போட்டு உரிமையோடு சத்தம் போடுகிறவர்களும் நாம்தான்.

கனம் மட்டும்தான் கோளாறு என்றில்லை. வீங்கிப்போன செல்போன் பேட்டரி, வேலை செய்யாத பவர் பேங்க் எல்லாம் அதே தொட்டிக்குத்தான் போகின்றன. லித்தியம் பேட்டரியை நசுக்கினால் தீப்பற்றும்; காம்பாக்டரின் வேலையே நசுக்குவது. ட்யூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. மொட்டைமாடிக் கொட்டகையைப் பிரிக்கும்போது பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் உடைத்துச் சாக்கில் திணிக்கிறோம். உடைத்தால் பறப்பது நுரையீரலில் போய்த் தங்கும் நார். உடைத்தவருக்கும் முகமூடி கிடையாது, அள்ளியவருக்கும் கிடையாது. இன்சுலின் ஊசியை மூடியில்லாமல் காகிதத்தில் சுருட்டிப் போடுகிறோம். கிழிந்த உறையைக் கையால் பிரித்துத்தான் தூய்மைப் பணியாளர் தரம் பார்க்கிறார். உறைக்குள் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அவருக்குக் குத்திய பிறகுதான் தெரியும். ஊசியை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, தனியாகக் கையில் கொடுக்க நமக்கு அரை நிமிஷம் ஆகும். அதைக்கூடச் செய்யாமல், கையுறை போடாமல் வேலை செய்கிறார்களே என்று அவர்களுக்காக வேறு அங்கலாய்த்துக்கொண்டோம்.

தொட்டியில் அடங்காததற்கு லோடு வண்டி இருக்கிறது. மேஸ்திரி பேசிவிட்ட வண்டி. ‘ரப்பீஸ் எடுக்க ஒரு லோடு இவ்வளவு’ என்பார். தொகையைக் குறைக்கப் பேரம் பேசுவோமே தவிர, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான். பதில் ஊருக்கே தெரியும். ஏரிக்கரை, ரேடியல் ரோடு ஓரம், காலி மனை, சதுப்பு நிலத்தின் விளிம்பு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1,247 ஹெக்டேர் ராம்சார் தலம். தென்சென்னையின் மழைநீர் வந்து தங்கிக் கடலுக்குப் போகும் வழி அது. அதை ஒட்டித்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கு வளர்ந்தது. அதே 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு நாள் கணக்கில் எரிந்து புகைந்தபோது அரசு தூங்குகிறது என்றோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி வீடுகளுக்குள் தண்ணீர் நுழைந்தபோது ஏரியை ஆக்கிரமித்தவர்கள் யார் என்று ஆவேசப்பட்டோம். பெரிய பெயர்கள் எத்தனையோ ஆக்கிரமிப்பாளர் பட்டியலில் இருக்கட்டும். நம் பழைய சமையலறைச் சுவரும் அந்தக் கரையில் எங்கோதான் கிடக்கிறது.

போக வேறு இடமே இல்லை என்றால் மன்னிக்கலாம். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டை அரைத்து, சலித்து, ஜல்லியாகவும் மணலாகவும் பிரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. அதிலிருந்து நடைபாதைக் கல் செய்ய முடியும். ஆனால் அந்த ஆலைக்குச் சுத்தமான கல்லும் காரையும் வேண்டும். நாம் அனுப்பும் சாக்கில் பிளைவுட், தெர்மாகோல், ஒயர், பழைய மெத்தைப் பஞ்சு எல்லாம் கலந்திருக்கும். ஃபால்ஸ் சீலிங் துண்டுகள் கலந்தால் நிலைமை இன்னும் மோசம்; ஜிப்சத்தில் உள்ள சல்பேட் கான்கிரீட்டை உள்ளிருந்தே கெடுக்கும். வேலை நடக்கும்போதே செங்கல் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம் என்று குவித்திருந்தால் முடிந்திருக்கும். இரும்பை மட்டும் குவித்தோம், காயலான் கடையில் காசு கிடைக்கும் என்பதால். காசு வருவதை எப்படிப் பிரிப்பது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

குடியிருப்போர் சங்கங்கள் இதில் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டியது உண்டு. மராமத்துக்கு அனுமதி கேட்டு வருகிறவரிடம் நாம் போடும் கண்டிஷன்கள் கொஞ்சமல்ல. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை டிரில் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது. லிஃப்ட்டில் கீறல் விழாமல் அட்டை கட்ட வேண்டும். வேலையாட்கள் படிக்கட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். டெபாசிட்டும் வாங்கிக்கொள்கிறோம். இத்தனையும் நம் சுவருக்கும் நம் தூக்கத்துக்கும். இடிபாடு எங்கே போகிறது என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டுக்கு வெளியே போய்விட்டால் அது நம் குப்பை இல்லை என்று நாமே ஒரு சட்டம் எழுதிக்கொண்டோம்.

போகிப் பண்டிகைக்கும் இதே கதைதான். பழையது கழியட்டும் என்று டயரையும் ரெக்சின் சோபாவையும் கொளுத்தினோம். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானம் இறங்க முடியாத அளவுக்குப் புகை மூடியது. இப்போது பழைய மெத்தை, சோபா, துணி, மின்னணுக் கழிவு போன்றவற்றைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கே வந்து எடுத்துப் போக மாநகராட்சி ஏற்பாடு செய்திருக்கிறது. பதிவு செய்துவிட்டுச் சில நாள் காத்திருக்கத்தான் நமக்குப் பொறுமை இல்லை. சோபா இன்று ராத்திரியே டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்துக்குப் போயாக வேண்டும்.

இதைத் திருத்தப் புதுச் சட்டம் தேவையில்லை. சங்கத்தின் அனுமதிப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: இடிபாடு ஆலைக்குப் போனதற்கு ரசீது காட்டினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். எஸ்டிமேட்டில் ரப்பீஸ் செலவைத் தனியாக எழுதச் சொல்லி, அதில் பேரம் பேசாமல் இருக்கலாம். ஊசி, பேட்டரி, ட்யூப்லைட்டுக்கு வீட்டில் மூன்றாவதாக ஒரு டப்பா வைக்கலாம். மாடுலர் கிச்சனுக்கு எந்தக் கம்பெனிக் கீல் நல்லது என்று நான்கு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறவர்கள் நாம். பழைய கிச்சன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரு போன் போட்டு விசாரிப்பது நமக்குக் கஷ்டமான காரியமே அல்ல. அது நம் வேலை என்றுதான் இத்தனை நாளும் நாம் ஒத்துக்கொள்ளவில்லை.