டி-ஷர்ட் சைஸ் கேட்கிற ஹெச்ஆர், பழைய சம்பளத்தை ஏன் கேட்கிறதில்லை?

புது கம்பெனியில ஜாயின் பண்ற முதல் நாள் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். லேப்டாப், ஐடி கார்டு, கம்பெனி பேர் போட்ட தண்ணி பாட்டில். கூடவே ஒரு போர்ட்டல் லிங்க், "சாயங்காலத்துக்குள்ள எல்லா ஃபார்மையும் முடிச்சிடுங்க"ன்னு. டி-ஷர்ட் சைஸ் கேட்டு மூணு மெயில் வரும். இந்த வருஷம் பழைய கம்பெனியில எவ்வளவு சம்பளம் வாங்குனீங்கன்னு கேட்டு ஒரு மெயில்கூட வராது. ஆன்போர்டிங்ல பல நிறுவனங்கள் கோட்டை விடற இடம் இதுதான்.

ஒரு கணக்கு பார்ப்போம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தி.நகர்ல ஒரு கம்பெனி, மாசம் 1 லட்சம். அக்டோபர்ல தரமணிக்கு மாறிட்டீங்க, மாசம் 1.25 லட்சம். பழைய கம்பெனி உங்க வருஷ சம்பளம் 12 லட்சம்னு நினைச்சுது. 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லைங்கறதால டிடிஎஸ் பிடிக்கல. புது கம்பெனி கண்ணுக்கு தெரியறது அக்டோபர் டு மார்ச் 7.5 லட்சம் மட்டும்தான். அவங்களும் பிடிக்கல. மாசாமாசம் சம்பளம் முழுசா வருது, சந்தோஷம்.

ஜூலையில ரிட்டர்ன் போட உட்கார்ந்தாத்தான் விஷயம் தெரியும். மொத்த சம்பளம் 13.5 லட்சம். நிலையான கழிவு 75,000 போனா 12.75 லட்சம். 87ஏ தள்ளுபடி 12 லட்சத்தோட முடிஞ்சிடுது. வரி 71,250, செஸ் 2,850. ஆக 74,100 ரூபாய், ஒரே தடவையில. கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தாண்டினாலே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்கணும். கட்டாததுக்கு 234பி, 234சி வட்டி தனி.

இதுக்குத்தான் ஃபார்ம் 12பி. பழைய இடத்துல வாங்கின சம்பளம், பிடிச்ச டிடிஎஸ், பிஎஃப் எல்லாம் எழுதி கையெழுத்து போட்டு புது கம்பெனிக்குக் கொடுத்துட்டா, பிரிவு 192(2)படி அவங்க ரெண்டையும் சேர்த்து வரி கணக்கு போடணும். பழைய கம்பெனியோட ஃபார்ம் 16 வர ஜூன் ஆயிடும், அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். பே ஸ்லிப்பும் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் பேப்பரும் போதும்.

"சட்டப்படி அது ஊழியர் விருப்பம், நாங்க கேட்கணும்னு கட்டாயம் இல்லையே"ன்னு ஹெச்ஆர்ல சொல்வாங்க. சட்டம் அப்படித்தான் சொல்லுது, ஒத்துக்கறேன். ஆனா ஆஃபர் கொடுக்கறதுக்கு முன்னாடி மூணு மாச பே ஸ்லிப் கேட்டது யாரு? அதை வச்சுத்தானே ஹைக் பேரம் பேசினீங்க! சம்பளத்தைக் குறைக்க பேசும்போது தெரிஞ்ச நம்பர், வரி பிடிக்கும்போது மட்டும் எப்படி மறந்துபோச்சு?

கெட்ட எண்ணம்னு நான் சொல்லல. பே ஸ்லிப் ரிக்ரூட்டர் மெயில்ல கிடக்கும். பேரோல் வேலையை வெளியில ஒரு வெண்டர் பார்ப்பார். நடுவுல இருக்கற ஆன்போர்டிங் கோஆர்டினேட்டர் ஒரே திங்கட்கிழமையில இருபது முப்பது பேரை உள்ளே கூட்டிட்டு வரணும். அவரை யாரும் இதுக்காக மதிப்பிடறதில்லை. செக்லிஸ்ட்ல ஒரு வரி சேர்த்தா முடிஞ்சிடற வேலை இது. சேர்க்காததுக்கு கம்பெனிக்கு எந்த நஷ்டமும் இல்லை, அதனாலதான் சேர்க்க மாட்டேங்கறாங்க.

பிஎஃப்லயும் இதே கதைதான், அதுவும் நம்ம ஊருக்கே உரிய ஒரு தலைவலியோட. இனிஷியல்! பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்ல எஸ். கார்த்திக், ஆதார்ல கார்த்திக் எஸ், பான்ல அப்பா பேரை விரிச்சு கார்த்திக் சுப்பிரமணியன். ஃபார்ம் 11-ல பழைய யூஏஎன் நம்பரைக் கொடுக்காம விட்டு, பேரும் பொருந்தாம, ரெண்டாவதா ஒரு யூஏஎன் உருவாயிட்டா, பழைய பணத்தைச் சேர்க்க அலைச்சல்தான். 5 வருஷம் தொடர் சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா பிஎஃப் பணத்துக்கு வரி உண்டு. பழைய கணக்கை மாத்திக்கிட்டாத்தான் அந்த வருஷங்களும் இதுல சேரும்.

முன்னாடி பேர் திருத்தணும்னா கம்பெனியும் கையெழுத்து போடணும், இல்லேன்னா ராயப்பேட்டை ஹை ரோடு பிஎஃப் ஆபீஸ் படி ஏறணும். 2025 ஜனவரியில இருந்து கொஞ்சம் நிம்மதி. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோட வாங்கின யூஏஎன்னா, பேர், பிறந்த தேதி மாதிரி விஷயங்களை நீங்களே போர்ட்டல்ல திருத்திக்கலாம். ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே பார்த்து வச்சுக்குங்க. வெளியே வந்தப்புறம் பழைய ஹெச்ஆர் போனை எடுப்பாங்கன்னு நம்ப முடியாது.

இந்த நிதியாண்டுல கம்பெனி மாறினவங்க, யாரும் கேட்கலைன்னாலும் பேரோல் டீமுக்கு 12பி-யை இப்பவே அனுப்புங்க. சீக்கிரம் கொடுத்தா மீதி மாசங்கள்ல பிரிச்சு பிடிப்பாங்க. பிப்ரவரி சம்பளமும் போயாச்சுன்னா, வருமான வரி போர்ட்டல்ல அட்வான்ஸ் டாக்ஸா நீங்களே கட்டிடுங்க. மார்ச் 31-க்குள்ள முழுசா கட்டினா 234பி வட்டி வராது, 234சி மட்டும் கொஞ்சம் வரும்.