வேன் திரும்பி வந்து நிற்கும் இடம்

கோடை விடுமுறை தொடங்கியதும் லாஸ் ஏஞ்சலிஸில் வீடற்றவர்கள் கூடாரமடித்து வாழும் ஸ்கிட் ரோ பகுதிக்குப் புறநகர்ச் சபைகளின் வேன்கள் வரத் தொடங்கும். ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்ட பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இறங்குவார்கள். ஆளுக்கொரு கட்டு பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு ஜோடி சாக்ஸ், டூத் பிரஷ், தண்ணீர் பாட்டில், ஒரு கிரனோலா பார், வசனம் அச்சிட்ட அட்டை. கை முதலில் நீள்வது சாக்ஸுக்குத்தான். நடைபாதையில் படுப்பவருக்குக் கால் ஈரமானால் புண். புண் வந்தால் நடை போச்சு. கிரனோலா பார் பல பேருக்கு உதவாது, கடிக்கப் பல் இல்லை. பையைக் கட்டியவர்களுக்கு அது தோன்றியிருக்காது.

இந்தப் பிள்ளைகளைக் கேலி செய்வது சுலபம். ஒரு வார ஊழியம், நூறு செல்ஃபி, ஊர் திரும்பியதும் சபையில் கண்ணீரோடு சாட்சி. நாம் அந்தக் கேலியில் சேரப்போவதில்லை. கூடாரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு முதியவரிடம் பெயரைக் கேட்டு, அவர் சுற்றிச் சுற்றிச் சொல்லும் கதையை அரைமணி நேரம் கேட்கும் பெண் நல்ல காரியம்தான் செய்கிறாள். ‘எழுந்து போ’ என்பதைத் தவிர வேறு பேச்சு அன்று அவர் காதில் விழுந்திருக்குமா என்பதே சந்தேகம். நம் குற்றச்சாட்டு அவள்மீது அல்ல, அவளை அங்கே அனுப்பிவைத்த பெரியவர்கள்மீது.

ஸ்கிட் ரோ தானாக முளைத்ததல்ல. ஏழைகளுக்கான விடுதிகள், இலவச உணவுக்கூடங்கள், மிஷன்கள் அனைத்தையும் நகர மையத்துக்குக் கிழக்கே சுமார் 50 தெருக்கட்டங்களுக்குள் அடக்கிவைப்பது என்று 1976இல் நகர நிர்வாகம் கொள்கையாகவே முடிவெடுத்தது. மற்றவர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்பதுதான் அதன் பச்சையான பொருள். 2017 டிசம்பரில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அங்கே போய்வந்து எழுதிய கணக்கு இது: சுமார் 1,800 பேருக்குப் பொதுக் கழிப்பறைகள் 9. பிள்ளைகள் தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்துவிட்டு மாலையில் வேன் ஏறிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த பெண் இரவு பத்து மணிக்கு எங்கே ஒதுங்குவாள்?

2025 கணக்கெடுப்பின்படி லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் வீடற்றவர்கள் 72,308 பேர். போதையும் மனநோயும்தான் காரணம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது வசதி. ஆனால் வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்த பிறகு குடிக்கத் தொடங்கியவர்களும் அந்தக் கூடாரங்களில் உண்டு. நகரத்தின் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் பல பத்தாண்டுகளாகத் தனிவீடுகளுக்கென்றே ஒதுக்கிவைத்தார்கள். ‘குறைந்த வாடகை வீடுகளா? எங்கள் தெருவில் வேண்டாம்’ என்று பொதுக்கூட்டத்தில் மைக் பிடிக்கும் கனவான்கள் நாத்திகர்கள் மட்டுமா? ஞாயிறு காலையில் முன்வரிசையில் உட்காருகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். படுக்க வேறு இடம் இல்லாதவரையும் வெளியில் படுத்ததற்காகத் தண்டிக்கலாம் என்று 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கலிபோர்னியா ஆளுநர் கூடாரங்களை அகற்றும் ஆணையில் கையெழுத்திட்டார். ஜூலையில் அந்தப் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்த கூடாரம் ஆகஸ்டில் குப்பை லாரியில் போயிருக்கலாம்.

இத்தகைய பயணத்துக்கு முன் நடக்கும் ஜெபக்கூட்டங்களில் மத்தேயு 25ஆம் அதிகாரம் அடிக்கடி வாசிக்கப்படும். பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், உடுக்கத் துணி — இவை பிளாஸ்டிக் பையில் அடங்கிவிடுகின்றன. அதே பட்டியலில், அந்நியரைச் சேர்த்துக்கொள்வதும் இருக்கிறது. அது எந்தப் பையிலும் அடங்காது. 1933இல் பீட்டர் மோரினோடு சேர்ந்து கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய டாரதி டேக்கு இது புரிந்திருந்தது. நியூயார்க்கில் வீடற்றவர்களுக்குத் திறந்த வீடுகளிலேயே அவரும் வாழ்ந்தார். 1980இல் அப்படியொரு வீட்டிலேயே இறந்தார். ஊர் திரும்ப அவருக்கு வேன் இல்லை.

எல்லாரும் டாரதி டே ஆக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கேட்பது அதைவிட மிகச் சிறியது. தேவாலயங்கள் தமக்குச் சொந்தமான நிலத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்டிக்கொள்ளலாம், நிலப் பயன்பாட்டு விதியைக் காட்டி உள்ளூர் நிர்வாகம் மறிக்க முடியாது என்று 2023இல் கலிபோர்னியா சட்டம் இயற்றிவிட்டது. வீடு கட்டத் தோதான நிலம் மத அமைப்புகளிடம் மட்டும் சுமார் 47,000 ஏக்கர் இருப்பதாகப் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டெர்னர் மையம் கணக்கிட்டிருக்கிறது. சட்டம் இருக்கிறது, நிலமும் இருக்கிறது. பணம் திரட்டுவது கடினம், உண்மைதான். ஆனால் ஆராதனை மண்டபத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் சபைகள் வழி கண்டுபிடிக்காமலா இருக்கின்றன?

ஆகவே நம் தீர்ப்பில் மழுப்பல் இல்லை. நிலம் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி நிர்வாகக் குழுவில் ஒருமுறைகூடப் பேசாமல், வருடா வருடம் பிள்ளைகளை ஸ்கிட் ரோவுக்கு அனுப்பும் சபை ஊழியம் செய்யவில்லை. தான் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழிக்கப் பிள்ளைகளின் இளகிய மனத்தைக் கூலியில்லாமல் பயன்படுத்திக்கொள்கிறது.

சனிக்கிழமை மாலை வேன் ஊர் திரும்பும். பெற்றோர்கள் கார் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். அழுது சிவந்த கண்களோடு பிள்ளைகள் வந்து இறங்கும் இடம் தேவாலயத்தின் கார் நிறுத்துமிடம்: ஒரு ஏக்கர் தார்த்தரை, வெள்ளைக் கோடுகள், வாரத்தில் ஆறு நாள் காலி.