காலவரையறையற்ற தற்காலிகம்

அவசரகாலப் பிரகடனத்துக்கு ஆயுள் ஒரே மாதம். நீட்டவேண்டுமாயின் புதிதாகப் பிரகடனம் செய்து பாராளுமன்றத்தின் அங்கீகாரம் பெறவேண்டும் என்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு. மருத்துவபீட அனுமதி விதிகளுக்கு இத்தகைய எல்லை உண்டா?

1971இல் மருத்துவபீடம் புகத் தமிழ்மொழி மாணவனுக்கு 250 புள்ளி, சிங்களமொழி மாணவனுக்கு 229 என விதித்தனர். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. மொழிவாரி அநீதி பின்னர் ஒழிந்தது, கோட்டா நிலைத்தது. 1980இல் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. கல்வி வசதி சமமாகும்வரை என்பதன்றோ அதன் நியாயம்?

உலகம் புகழும் இயற்கைத் துறைமுகத்தைக் கொண்ட திருகோணமலை, பல்கலைக்கழக அனுமதியில் இன்னும் பின்தங்கிய மாவட்டமே. இதன் பொருள் யாது? அரசு தன் கடமையை முடிக்கவில்லை என்பதே.

கோட்டாவை ஒழி என்போருடன் நாம் இல்லை. காலொடிந்தவனிடமிருந்து ஊன்றுகோலைப் பிடுங்குவது வைத்தியமன்று; ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு முறிவைக் கட்டாமல் விடுவதும் வைத்தியமன்று. மூதூருக்கும் வெருகலுக்கும் வேண்டிய விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் எந்த ஆண்டுக்குள் வரும் என்று பாராளுமன்றத்தில் ஆண்டுதோறும் கணக்குக் காட்டட்டும். காலவரையறை வேண்டுவது சலுகைக்கன்று, புறக்கணிப்புக்கே!