கட்டளைகளுக்குப் பணிய வேண்டியவர்கள் யார்?

2019 செப்டெம்பர் 23ஆம் திகதி முல்லைத்தீவு செம்மலையில் நடந்ததை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீராவியடிப் பிள்ளையார் ஆலயச் சூழலில் விகாரை அமைத்திருந்த பௌத்த பிக்கு ஒருவர் காலமானதையடுத்து, அவரது பூதவுடலை வேறோர் இடத்தில் தகனஞ் செய்யுமாறு முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. அதே தினம், அக்கட்டளையைத் துச்சமென மதித்து, ஆலயத் தீர்த்தக்கேணிக்கு அருகிலேயே சிதை மூட்டப்பட்டது. சட்டத்தரணி ஒருவர் தாக்கப்பட்டார். கட்டளையை நிறைவேற்ற வேண்டிய பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றனர்.

நீதிமன்றத்திடம் படையும் இல்லை, பணமும் இல்லை. அதனிடம் இருப்பது வார்த்தை மாத்திரமே. அந்த வார்த்தைக்கு நிறைவேற்று அதிகாரம் பணியவும் மக்கள் மதிப்பளிக்கவும் தயாராக இருக்கும்வரையில்தான் நீதிமன்றம் நீதிமன்றமாக இருக்கும்.

இலங்கை அரசுக்கு நீதிமன்றத்துக்குப் பணியத் தெரியாது என்று கூறிவிட முடியாது. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லுபடியற்றது என்று 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடுத்த ஜனவரி முதலாம் திகதியே அவ்விரு மாகாணங்களும் வெவ்வேறாகிவிட்டன. 2018இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏழு நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தபோது, அவரும் அதற்குப் பணிய நேர்ந்தது. ஆகவே, பணியும் ஆற்றல் இருக்கிறது. யாருக்குச் சாதகமான தீர்ப்பு என்பதைப் பொறுத்தே அந்த ஆற்றல் வெளிப்படுகிறது என்பதுதான் எமது முறைப்பாடு.

2000 டிசம்பரில் மிருசுவிலில் குழந்தை உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில், இராணுவச் சிப்பாய் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. பதினெட்டு வருடங்களுக்கு மேல் நீடித்த அந்த நீதித்துறைச் செயன்முறையை, 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச வழங்கிய பொதுமன்னிப்பு ஒரே நாளில் அர்த்தமற்றதாக்கியது. அதற்கு முன்னர், 2013 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பையும் புறந்தள்ளி, பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவே பதவிநீக்கப்பட்டதையும் கண்டோம்.

இந்த அனுபவத்தினாலேயே தமிழ் மக்கள் சர்வதேச நீதிமன்றங்களை நோக்கிக் கண்களைத் திருப்புகின்றனர். அது நியாயமானதே. ஆனால், அங்கும் இதே நோய் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1986இல் நிக்கரகுவாவின் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு இணங்குமாறு கோரிய பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தை அமெரிக்கா வீட்டோ செய்தது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை இருந்தும், 2024இல் விளாடிமிர் புட்டின் மொங்கோலியாவுக்கும், 2025இல் பென்ஜமின் நெதன்யாகு ஹங்கேரிக்கும் சென்று பத்திரமாகத் திரும்பினர். மாறாக, பிலிப்பைன்ஸின் முன்னாள் ஜனாதிபதி ரொட்ரிகோ டுட்டர்டே 2025 மார்ச்சில் ஹேக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மணிலாவில் இருந்த அரசாங்கம் அவரை ஒப்படைக்க இணங்கியதே அதற்குக் காரணம்.

இலங்கையோ ரோம் சாசனத்தில் கைச்சாத்திடவேயில்லை. நீதிமன்றமல்லாத ஐ.நா. மனித உரிமைக் குழுவின் அபிப்பிராயத்தைக்கூட நமது அரசு ஏற்கவில்லை. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஒப்புதல் வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்டு தண்டிக்கப்பட்ட தமிழர் ஒருவரின் உரிமைகள் மீறப்பட்டதாக 2004இல் அக்குழு கண்டது. அவ்வாறான முறைப்பாடுகளுக்கு வழிதிறந்த உடன்பாட்டில் 1997இல் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006இல் நமது உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

அப்படியானால் நீதிமன்றங்களை நாடுவதில் பயனில்லையா? பயனுண்டு. உள்நாட்டில் விசாரிக்க மனமோ இயலுமையோ இல்லாதபோதே சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தலையிடலாம் என்பது விதி. ஆகவே, முல்லைத்தீவு போன்ற சிறிய நீதிமன்றங்களின் நிறைவேற்றப்படாத ஒவ்வொரு கட்டளையும், சர்வதேச அரங்கில் நாம் முன்வைக்கக்கூடிய வாதத்துக்கான சான்றாகிறது. அக்கட்டளைகளைப் பிறப்பிக்கும் நீதிபதிகளைக் காப்பதும் எமது கடமையாகிறது. உயிரச்சுறுத்தல் காரணமாகப் பதவி விலகுவதாக 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா அறிவித்துவிட்டு நாட்டைவிட்டு வெளியேறியபோது, சட்டத்தரணிகள் வீதிக்கு இறங்கினர். தென்னிலங்கையில் எத்தனை பேர் அதனைத் தமது நீதித்துறைக்கு நேர்ந்த அவமானமாகக் கருதினர்?

வடக்கில் ஒரு நீதவானின் கட்டளை மிதிக்கப்படும்போது மௌனமாக இருக்கும் சமுதாயம், நாளை தனக்கு ஆபத்து வரும்போது எந்த நீதிமன்றத்தின் படியேறப் போகிறது?