குன்மிங் நகரில் இரு நாள்

சீனத்தின் தென்மேற்கிலுள்ள குன்மிங் நகருக்கு இரு நாட் பயணம் எண்ணும் நேயர்களுக்கு நாம் முதலிற் கூறுவது, கம்பளிச் சட்டையை மறவாதீர் என்பதே. 'வசந்த நகர்' எனப் பெயர் பெற்றதாயினும், ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரத்தில் நம் நுவரெலியாவுக்கு நிகராய் இருப்பதால் இரவிற் குளிரும்.

சுண்ணக்கற் பாறைகள் மரங்களெனச் செறிந்து நிற்கும் கற்காட்டுக்கு முதல் நாள் முழுவதும் வேண்டும்.

மறுநாட் காலை மேற்கு மலையேறித் தியான் ஏரியைக் கண்டதும் பலர் கடைத்தெருவுக்குத் திரும்பிவிடுவர். நாம் அதற்கு உடன்படோம். ஏரியின் தென்கரையிலுள்ள குன்யாங்குக்குச் செல்க. கடற்றளபதி செங் ஹோ 1371 ஆம் ஆண்டளவிற் பிறந்த ஊர் அது. 1409 ஆம் ஆண்டுத் திகதியுடன் அவர் காலியில் நாட்டுவித்த கல்வெட்டு 1911 இற் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியும் அதிலுண்டு. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. விமானமேறுமுன் அக்கல்லைப் பார்த்துக்கொள்வது நன்று.

குன்யாங்கில் அவருடைய தந்தையாரின் கல்லறையைக் காணலாம். சீனத்தில் ஒரு ஹாஜியாரா என வியக்கவேண்டாம். செங் ஹோ முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவரே.